மூன்றாம் நிமிடத்துக்கு முன்

வலை விழுந்த கணத்திலிருந்து
மூன்று நிமிடம்தான்.
அதற்குள் எடுத்த இரத்தத்தில்
பறவையின் நேற்று இருக்கும்.
பிந்தி எடுத்தால்
என் கை மட்டுமே இருக்கும்.

நிலாவெளி உப்பளத்து வரம்பில்
குப்புறக் கிடக்கிறேன். காலை ஆறேகால்.
நான்கு முட்டை, சேற்றுக்கல் நிறம்,
கூர்முனை நான்கும் உள்நோக்கி.
கூடு என்று சொல்ல
கொஞ்சம் சிப்பி ஓடு, இரண்டு ஆட்டுப் புழுக்கை.
நேற்று மத்தியானம் அது
பாத்தித் தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து
முட்டைகளைக் குளிர்வித்தது.
காய்ந்தபின் ஓட்டின்மேல் உப்புப் பூத்திருந்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வெப்பம் முப்பத்தெட்டு, ஈரவயிறு ஏழு தடவை.
மற்றதை எழுத அதில் கட்டம் இல்லை.

ஆள்காட்டி.
படிவத்தில் இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம்
இலத்தீன் பெயரே போதும் என்று தோன்றும்.
யார் வந்தாலும் கத்தும்:
நாய், நரி, உப்பு வார வரும் பெண்கள்,
சைக்கிளில் போகும் கடற்படைப் பையன்.
ஆள் பார்க்காது. காசு வாங்காது.
இந்த ஊரில் அந்தப் பெயருக்கு
வேறு ஆட்கள் இருந்தார்கள்.

தவேந்திரன் கயிற்றை இழுக்கிறார்.
மறுகையால் மணிக்கூட்டை அழுத்துகிறார்.

ஓடுகிறேன்.
மஞ்சள் கால்கள் காற்றை உதைக்கின்றன.
கண் இருண்டால் பறவை அடங்கும்;
கறுப்புக் காலுறையின் நுனியில்
அலகுக்கு ஒரு துளை வெட்டி
தலைமேல் இழுத்துவிடுவேன்.
இதை மட்டும் அவர் ஒருநாளும் செய்ததில்லை.
முதல் கிழமையே சொல்லிவிட்டார்:
"பிடிக்கிறன் மிஸ், எழுதுறன், ஐஸ் சுமக்கிறன்.
உந்தச் சாக்கை நீங்களே போடுங்கோ."

சிறகை விரிக்கிறேன்.
நரம்பு. ஊசி. ஒரு துளி.
கண்ணாடிக் குழாயில் தானாக ஏறுகிறது சிவப்பு.
"ஒண்டு ஐம்பது."
இரண்டாம் குழாய்.
"ரெண்டு இருவது."
மூன்றாவது பாதியில்.
"ரெண்டு நாப்பது. காணும் மிஸ், விடுங்கோ."

உறையைக் கழற்றியதும் எழுந்தது,
ஒரு வட்டம் சுற்றி
எங்கள் இருவரையும்
வானம் முழுக்கக் காட்டிக்கொடுத்தது.

முகாம் வேலியோரம் ஒன்பது கூடு,
ஹோட்டல் பக்கம் பதினொன்று.
ஹோட்டல் பக்கத்து இரத்தத்தில்
கோர்ட்டிகோஸ்டெரோன் ஏறிக் கிடந்தது:
வாணவேடிக்கை, விளக்கு,
மணலில் ஓடும் நாலுசில்லு வண்டி.
முகாம் பக்கம் குறைவு.
"எனவே அங்கே பறவைகள் அமைதியாக இருக்கின்றன"
என்று கொழும்பிலிருந்து ஒருவர் எழுதினார்,
ஆச்சரியக்குறி போட்டு.

நாக்குத் தேய்ந்த மணியும்
அமைதியாகத்தான் இருக்கும்.
அஞ்சி அஞ்சி அலுத்த உடல்
அடுத்த அச்சத்துக்குச் சுரக்காமல் விடலாம்.
ஒன்பது கூட்டை வைத்து
அதை நிறுவ முடியாது.
முடியாது என்று நானே பதில் போட்டேன்.

மாலை. அலஸ்தோட்டத்துத் தேத்தண்ணிக் கடை.
காலடியில் குழாய்கள், உருகும் ஐஸ்.
கிளாசைப் பார்த்தபடி கேட்டார்:
"மனிசருக்கும் மூண்டு நிமிசமோ மிஸ்?"

"கொஞ்சம் கூட. ஏறினது இறங்க
ஒரு மணித்தியாலம், ஒன்றரை."

"ஒரு மணித்தியாலம்" என்றார்.
கடைக்காரர் வடைத் தட்டை வைத்துப் போனார்.

"எங்களை வாசிகசாலை மதிலோட
வரிசையா விட்டவங்கள். இதே மாதிரி விடியப்புறம்.
சாக்குக்குள்ள ரெண்டு ஓட்டை.
என்ர முறை வர
அந்தத் தலை ஆடேல்ல.
எனக்கு முன்னால நிண்டவனுக்கு ஆடினது."
ஒரு வடையைப் பிய்த்தார், தின்னவில்லை.
"முப்பத்தஞ்சு வருசம்.
உங்கட கணக்கில இப்ப இறங்கியிருக்க வேணும்."

நான் ஆய்வாளர். ஏதாவது சொல்லியிருக்கலாம்.
சீனி போதுமா என்று கேட்டேன்.

இரவு, மின்சாரம் போய் வந்தபின்,
கிழிந்த உறைக்குப் பதிலாகப் புதிது வெட்டினேன்.
அலகுக்கு ஒரு துளை.
கத்தரிக்கோலின் நுனி
துணியில் வேறெங்கும் படாமல்
கவனமாக,
மிகக் கவனமாக.